விளையாட்டே வினையாகும் தொழில்

'விளையாட்டு வினையாகும்' என்பது நம்மவர் பழமொழி. அளவு மீறிய விளையாட்டுத் துன்பத்தில் முடியும் என்று எச்சரிப்பதற்காக எழுந்தது அது. எனினும் வினை என்னும் சொல்லுக்குத் தொழில் என்ற பொருளும் உண்டன்றோ? அப்பொருளிலும் இப்பழமொழி இன்று மெய்யாகிவிட்டது. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடப்படும் வீடியோ விளையாட்டுகளை, அவை விற்பனைக்கு வருமுன் ஆடிப்பார்த்துப் பிழைகளைக் கண்டு கூறுவதற்கென்றே சம்பளம் பெறும் பரிசோதகர்கள் பல நாடுகளில் உளர். கனடாவின் மொன்றியல், இந்தியாவின் புனே, ஹைதராபாத் முதலிய நகரங்களில் இது ஓர் உத்தியோகமாகவே நிலைபெற்றுள்ளது.

இதனைக் கேள்வியுறும் இளைஞர், நாள் முழுதும் விளையாடலாம், சம்பளமும் கிடைக்கும் என்று மகிழ்வர். பெற்றோரோ, இதுவும் ஓர் உத்தியோகமா என்று முகஞ்சுளிப்பர். இரு சாராரும் இத்தொழிலின் உண்மை இயல்பை அறிந்திலர் என்றே நாம் கருதுகின்றோம்.

பரிசோதகரின் தேவையை உணர்த்த இரண்டு உதாரணங்கள் போதும். 1980 ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'பாக்மேன்' என்னும் விளையாட்டில் 256 ஆவது கட்டத்தை அடைந்தவுடன் திரையின் வலப்பாதி, எழுத்தும் எண்ணும் சிதறிய குப்பையாக மாறிவிடும். கட்டங்களின் கணக்கைப் பதியும் இடத்தில் 255 வரையிலான எண்களே அடங்கும். அதற்குமேல் ஒன்று கூட்டினால் கணக்குப் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். அதன் விளைவே இக்குழப்பம். அத்தனை தூரம் ஆடியவர் மிகச் சிலரே ஆதலின், அப்பிழையால் பெருநட்டம் விளையவில்லை. ஆனால் 2020 டிசெம்பர் 10 ஆம் திகதி போலந்து நாட்டு நிறுவனமொன்று வெளியிட்ட 'சைபர்பங்க் 2077' விளையாட்டின் கதை வேறு. பழைய விளையாட்டுக் கருவிகளில் அது பிழை மலிந்து இயங்கியமையால், சில நாள்களுக்குள்ளேயே சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதனை அகற்றி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. 2021 ஜூன் மாதத்திலேயே அது மீண்டும் அக்கடையில் இடம்பெற்றது.

அவ்வாறாயின் பரிசோதகர் நாள்தோறும் செய்வது யாது? இன்பமாக விளையாடுவதன்று. ஒரே மதிலில் நூறு இடங்களில் மோதிப்பார்த்தல், ஒரே வாயிலை மீண்டும் மீண்டும் திறந்து மூடுதல், வேண்டுமென்றே தவறான பொத்தானை அழுத்துதல் ஆகியனவே அவர் கடமை. ஒரு பிழை திருத்தப்பட்டுப் புதிய பதிப்பு வந்ததும், முன்பு செய்த சோதனைகளை முதலிலிருந்து மறுபடியும் செய்தல் வேண்டும். ஒரு திருத்தம் மற்றொரு பிழையை ஈன்றுவிடுவதுண்டு.

பிழையைக் காண்பது பாதி வேலையே. எஞ்சிய பாதி எழுத்து வேலை. 'விளையாட்டு நின்றுவிட்டது' என்று எழுதினால் எவருக்கும் பயனில்லை. 'இன்ன பதிப்பு, இன்ன கருவி. இரண்டாம் கட்டத்தில் பாலத்தின்மேல் குதிக்கும்பொழுது பையைத் திறந்தேன். பை திறக்க வேண்டும். ஆனால் திரை அசையாது நின்றது. பத்து முறை செய்ததில் ஏழு முறை இவ்வாறு நிகழ்ந்தது' என்று எழுதினால், வேறொரு நாட்டில் அமர்ந்திருக்கும் பொறியியலாளரும் அப்பிழையைத் தம் கண்ணாற் கண்டு திருத்த முடியும். நம் மாணவர் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் செய்முறை, அவதானம், முடிவு என்று குறிப்பேட்டில் எழுதுகின்றனரல்லவா? அதே ஒழுங்குதான் இங்கும் வேண்டப்படுவது. சம்பளம் ஆடும் விரலுக்கன்று, அவதானிக்கும் கண்ணுக்கும் எழுதும் கைக்குமே என்பதை மாணவர் மனத்திற்கொள்வாராக.

இத்துறையிற் புக விரும்புவோர் வீட்டிலிருந்தே பயிற்சியைத் தொடங்கலாம். 'ஸ்டீம்' போன்ற இணையக் கடைகளில், முற்றுப்பெறாத நிலையிலேயே வெளியிடப்பட்டு, ஆடுவோரின் கருத்தை வேண்டி நிற்கும் விளையாட்டுகள் பல உள. அவற்றுள் ஒன்றை எடுத்து, காணும் பிழைகளை மேற்கூறிய முறையில் எழுதி ஆக்கியோருக்கு அனுப்புதல் நன்று. அவற்றுட் சிறந்த பத்து அறிக்கைகளைத் தொகுத்து வைத்தால், விண்ணப்பத்துடன் அனுப்ப அதுவே நற்சான்றாகும். சர்வதேச மென்பொருள் பரிசோதனைத் தகுதிச் சபை நடத்தும் அடிப்படைப் பரீட்சையும் உதவும். அதில் 40 வினாக்கள். 26 இற்குச் சரியாக விடையளித்தால் சித்தி. பரிசோதனை கற்றவர் விளையாட்டுத் துறையில் மட்டுமன்றி, வங்கி, வைத்தியசாலை முதலியவற்றுக்கான மென்பொருள் செய்யும் நிறுவனங்களிலும் வேலை தேடலாம். நன்றாக எழுதும் ஆங்கிலம் இதற்கெல்லாம் பெருந்துணை.

இரண்டு எச்சரிக்கைகளும் அவசியம். வேலை தருவதாகக் கூறி முற்பணம் கேட்பவரை நம்பலாகாது. தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பதே நேர்மையான நிறுவனத்தின் வழக்கம். அவனிடம் பணம் வாங்குவதன்று. அன்றியும், இவ்வேலை பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானது. விளையாட்டு வெளியானதும் வேலையும் முடிந்துவிடலாம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ரேவன் நிறுவனத்துப் பரிசோதகர்கள், சக ஊழியர் சிலரை நீக்க முற்பட்டதை எதிர்த்து 2021 டிசெம்பரில் வேலைநிறுத்தஞ் செய்தனர். 2022 மே மாதத்தில் 19 வாக்குகள் ஆதரவாகவும் 3 எதிராகவும் அளிக்கப்பட, தமக்கெனத் தொழிற்சங்கமும் அமைத்துக்கொண்டனர்.

ஆதலின், பிள்ளை விளையாட்டில் மூழ்கியிருக்கக் காணும் பெற்றோர் உடனே சினந்து கருவியைப் பறிக்க வேண்டியதில்லை. இதுவே பிழைப்பாகும் என்று வாளாவிருக்கவும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேட்டைக் கையிற் கொடுத்து, 'நீ இன்று கண்ட பிழையொன்றை, எனக்கும் விளங்குமாறு எழுது' என்று கேட்பார்களாக. ஒரு பக்கம் பொறுமையாக எழுதும் பிள்ளைக்கு இத்தொழில் பொருந்தக்கூடும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் ஆடச் செல்லும் பிள்ளைக்கு, விளையாட்டு ஓய்வுநேர இன்பமாகவே இருந்துவிடட்டும். அதிலும் குறைவொன்றுமில்லை.