கத்திக்கு முந்தும் கண்

அறுவை அரங்கில் ஏ.ஐ. – 9

போன வாரம் கல்லீரலைப் பார்த்தோம். கணையம் வேறு ரகம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருப்பதால், டாக்டர் வயிற்றை எவ்வளவு அழுத்திப் பார்த்தாலும் கைக்குச் சிக்காது. அங்கே புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் மஞ்சள் காமாலையோ, காரணம் புரியாத எடைக்குறைவோதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதற்குள் பலருக்கு நோய் ரத்தக்குழாய்களைச் சுற்றி வளைத்திருக்கும். அல்லது கல்லீரலுக்குப் பரவியிருக்கும். அறுவை சிகிச்சை செய்யக்கூடிய கட்டத்தில் வந்து சேர்கிறவர்கள் நூற்றுக்கு 15 முதல் 20 பேர்தான்.

இத்தனைக்கும் சிகிச்சை புதிதல்ல. 1935-இல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள் வெளியிட்ட முறைதான், பல திருத்தங்களோடு, இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சமிருப்பதைச் சிறுகுடலோடு மூன்று இடங்களில் தைக்க வேண்டும். இதில் கண்டம், கணையத்தைத் தைக்கும் இடம். மென்மையான கணையம் வெண்ணெய் மாதிரி. நூலைக் கொஞ்சம் இறுக்கினாலும் அறுந்துவிடும். தையல் கசிந்தால், சோற்றைச் செரிக்க வேண்டிய கணையநீர் பக்கத்துத் திசுக்களையே அரிக்கத் தொடங்கும். அதனால் அறுவைக்குப் பின் மூன்றாம் நாள் வடிகுழாயில் வரும் நீரை எடுத்து, அதில் அமைலேஸ் என்ற செரிமான நொதியின் அளவைப் பார்ப்பார்கள். ரத்தத்தில் இருக்கக்கூடிய உச்ச அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால், கசிவு என்று உஷாராகிவிடுவார்கள்.

ஆக, இந்த நோயில் இரண்டு இடங்களில் தாமதம் ஆளைக் கொல்கிறது: கண்டுபிடிப்பதில் ஒன்று, கசிவைக் கவனிப்பதில் இன்னொன்று.

முதலாவதற்குத்தான் ஏ.ஐ. கைகொடுக்கிறது. சீனாவில் அலிபாபாவின் டாமோ அகாடமி உருவாக்கிய 'பாண்டா', வேறு காரணத்துக்காகச் சாயம் செலுத்தாமல் எடுத்த சாதாரண சி.டி. ஸ்கேனிலேயே கணையக் கட்டியைத் தேடுகிறது. அந்தப் படத்தில் கட்டி கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். 2023-இல் வெளியான ஆய்வில் 20,530 பேரின் ஸ்கேன்களைப் பார்த்து, கட்டி உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 93 பேரைப் பிடித்தது. கட்டி இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரைத்தான் தவறாகச் சந்தேகித்தது. ஆனால் லட்சம் பேருக்கு எடுத்தால் அந்த ஒருவர் நூறு பேராகிவிடுவார்! எனவே ஊருக்கெல்லாம் ஸ்கேன் எடுப்பது இதன் நோக்கமாக இருக்க முடியாது. எப்படியும் எடுத்த ஸ்கேனை வீணாக்காமல் பார்ப்பதே லாபம்.

இரண்டாவதற்கு ஏ.ஐ. கூடத் தேவைப்படவில்லை. நெதர்லாந்தின் 17 மருத்துவமனைகளில், கணைய அறுவைக்குப் பின் தினமும் எதைப் பார்ப்பது, எப்போது ஸ்கேன் எடுப்பது, எப்போது சீழை வடிப்பது என்று விதிகளை வரிசைப்படுத்தி ஒரு செயலியில் கொடுத்தார்கள். 90 நாள் இறப்பு 5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது (2022).

கருவி எவ்வளவு நவீனமானாலும், வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே செய்யும் துளைவழி அறுவையும் கைப்பழக்கத்தைப் பொறுத்ததே. கோவை ஜெம் மருத்துவமனையில் டாக்டர் பழனிவேலு குழுவினர் 64 பேரிடம் நடத்திய ஆய்வில் (2017), வயிற்றைத் திறந்து செய்தவர்கள் மருத்துவமனையில் 13 நாள் தங்க, துளைவழிப் பிரிவினருக்கு அது 7 நாளாகக் குறைந்தது. அதே மாதிரியான நெதர்லாந்து ஆய்வையோ, துளைவழிப் பிரிவில் இறப்பு கூடுவதைக் கண்டு பாதியில் நிறுத்தினார்கள்.

எனவே கணைய அறுவைக்கு இடம் தேடுகிறவர்கள், "ரோபோ இருக்கா?" என்று விசாரிப்பதற்கு முன்னால், "வருஷத்துக்கு எத்தனை விப்பிள் பண்றீங்க?" என்று கேளுங்கள்.

(தொடரும்)