மேல்வீட்டுக்காரரும் மன நிம்மதியும்

குளியலறைக் கூரையில் முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை தெரியும். இரண்டு மாதத்தில் அது சாப்பாட்டுத் தட்டு அளவாகும். பிறகு பூச்சு உப்பும்; உரியும்; ஒருநாள் குளித்துக் கொண்டிருப்பவர் தலையிலேயே விழும். மும்பையில் பிளாட் வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கதையை அறியாதவர்கள் குறைவு.

செம்பூரிலோ, முலுண்டிலோ, டோம்பிவிலியிலோ வசிக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். குடும்பத் தலைவர் ஓய்வு பெற இன்னும் இரண்டே ஆண்டுகள். பிராவிடண்ட் பண்டில் எடுத்ததும், பாங்கியில் கடன் வாங்கியதும் சேர்ந்துதான் அந்த வீடு. கூரை கசிகிறது என்று மாடி ஏறிப் போய்ச் சொல்கிறார். "இது மழைத் தண்ணீர், சொசைட்டியைக் கேளுங்கள்" என்கிறார் மேல்வீட்டுக்காரர். சொசைட்டி செக்ரட்டரியோ, "இது உள்குழாய்க் கசிவு, நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக் கொள்ளுங்கள்" என்கிறார். மூன்றாம் முறை போனபோது கதவு முகத்தில் அடித்தாற்போல் சாத்தப்படுகிறது.

அன்றோடு அந்த வீட்டில் நிம்மதி போயிற்று. காலையில் காப்பி குடிக்கும்போது அதே பேச்சு. மின்சார ரயிலில் தொங்கிக் கொண்டு போகும்போது அதே நினைப்பு. இரவு ஒரு மணிக்கு விழிப்பு வந்தால், அன்று சொல்லத் தவறிய பதில்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. கசிவு பிடித்திருப்பது கூரையில் நாலடி இடம்தான். மேல்வீட்டுக்காரரோ வீடு முழுவதையும் பிடித்துக் கொண்டுவிட்டார்.

வீடு மாற முடியாது

கடுமையான மனிதர்கள் எங்கும் உண்டு. அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருந்தால் மாலை ஆறு மணிக்கு அவரை விட்டு வந்துவிடலாம். ரயிலில் இருந்தால் அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். தலைக்கு மேல் குடியிருப்பவரை என்ன செய்வது? வீட்டை விற்க முடியாது. அவரை மாற்றவும் முடியாது. ஐம்பது வயதுக்கு மேல் ஒருவருடைய குணத்தை இன்னொருவர் மாற்றிக் காட்டுவது அபூர்வம்.

கோபம் வந்தால் உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. சண்டை முடிந்ததும் இது தானாக அடங்கிவிட வேண்டும். ஆனால் நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக் கொண்டிருந்தால் உடம்பு ஓய்வதில்லை. தூக்கம் கெடுகிறது. சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு இது நேரடியான கெடுதல். எதிராளியோ மேலே நிம்மதியாகத் தூங்கிக் கொண்டிருப்பார்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். விஷயத்தையும் ஆளையும் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும். கசிவு ஒரு வேலை; அதை முடிக்க வழிகள் இருக்கின்றன. ஆளைத் திருத்துவது நம் வேலை அல்ல.

மொழி செய்யும் கலகம்

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. தமிழில் பெரியவர்களை 'நீ' என்று அழைத்தால் அவமரியாதை. மும்பை இந்தியிலோ 'தூ', 'தும்' என்ற சொற்கள் சர்வ சாதாரணம். மராத்தியில் பெற்ற தாயையே 'தூ' என்றுதான் பிள்ளைகள் அழைக்கிறார்கள். அதில் பாசம்தான் இருக்கிறது. ஊரிலிருந்து வந்தவர் காதில் அது 'அடே' என்பது போல் விழுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. அரைகுறை இந்தியில் நாம் கோபமாகப் பேசும்போது, 'ஆப்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'தும்' விழுந்துவிடும். 'கொஞ்சம் பார்க்கிறீர்களா?' என்று கேட்க நினைத்தது 'பார்!' என்ற கட்டளையாக வெளியே வரும். தாய்மொழியில் இருக்கும் வளைவும் நெளிவும் பிற மொழியில் அவசரத்துக்குக் கைகொடுப்பதில்லை. நாம் எவ்வளவு பணிவாகச் சொன்னோம் என்று நினைக்கிறோமோ, அவ்வளவு பணிவாக அது அவர் காதில் விழுந்திருக்காது. பகை என்று நினைத்ததில் ஒரு பாதி மொழி செய்த கலகமாகவே இருக்கக்கூடும்.

அவர் பக்கத்தையும் பார்த்தால்

மேல்வீட்டுக்காரர் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்? கசிவை அடைக்க வேண்டுமென்றால் அவருடைய குளியலறைத் தரையை உடைக்க வேண்டியிருக்கும். ஓடுகளின் இணைப்பிலோ, தண்ணீர் இறங்கும் நஹானி டிராப்பிலோதான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். வேலை முடியும்வரை ஒரே குளியலறை உள்ள வீட்டில் குளிக்கக்கூட இடம் இராது. வயதான தாயார் இருக்கலாம். பரீட்சைக்குப் படிக்கும் பெண் இருக்கலாம். கையில் பணம் இல்லாமலும் இருக்கலாம். 'என்னிடம் பணம் இல்லை' என்று சொல்வதைவிட 'கசிவே இல்லை' என்று சொல்வது பலருக்குச் சுலபம்.

இதை அறிந்துகொண்டால் அவர் செய்வது நியாயம் ஆகிவிடாது. ஆனால் 'நம்மை அவமானப்படுத்தவே செய்கிறார்' என்ற எண்ணம் தளரும். மனத்தை அரிப்பது அந்த எண்ணம்தான்.

பேச்சைக் குறை, எழுத்தைக் கூட்டு

முதலில் உண்மை தெரிய வேண்டும். இரண்டு மூன்று நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் இருந்தால் ஈரம் குறைகிறதா என்று பார்க்கலாம். தரையில் சாயம் கலந்த நீரைத் தேக்கி, அந்த நிறம் கீழே இறங்குகிறதா என்று பார்க்கும் வழக்கமும் பிளம்பர்களிடம் உண்டு. இதைச் செக்ரட்டரியின் முன்னிலையில் செய்தால் 'மழையா, குழாயா' என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

மகாராஷ்டிரத்தில் வீட்டுவசதி சொசைட்டிகளுக்கு 1960-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டம் இருக்கிறது. மாதிரி உபவிதிகளின்படி, மொட்டை மாடியிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் வரும் மழைக் கசிவைச் சரிசெய்வது சொசைட்டியின் பொறுப்பு. குளியலறை, கழிப்பறை, தொட்டி ஆகியவற்றின் உட்கசிவு அந்த வீட்டுக்காரரின் பொறுப்பு. தங்கள் சொசைட்டியின் உபவிதிப் புத்தகத்தில் இது எப்படி இருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

அதன்பின் மாடிப்படியிலும் லிப்டிலும் வாக்குவாதம் வேண்டாம். சொசைட்டிக்கு ஒரு கடிதம். என்ன கசிகிறது, எந்தத் தேதியிலிருந்து, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று செய்திகள் போதும். மேல்வீட்டுக்காரரின் குணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கூடாது. நகலில் 'இன்வர்ட்' முத்திரை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். செக்ரட்டரியும் வேலைக்குப் போய்த் திரும்பி வந்து இதைப் பார்ப்பவர்தான். அவரையும் எதிரியாக்கிக் கொள்ள வேண்டாம். பலன் இல்லையென்றால் ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் நடக்க வேண்டிய பொதுக்குழுக் கூட்டம் இருக்கிறது. அதற்கும் மேல் துணைப் பதிவாளர் அலுவலகமும் கூட்டுறவு நீதிமன்றமும் இருக்கின்றன.

கடிதம் எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. அமெரிக்க ஜனாதிபதி ஆப்ரகாம் லிங்கன் 1863 ஜூலையில் தளபதி மீட் மீது கடுங்கோபம் கொண்டார். கெட்டிஸ்பர்க் போரில் தோற்ற எதிரிப் படையைத் துரத்திப் பிடிக்காமல் தப்பவிட்டுவிட்டாரே என்ற கோபம். காரசாரமாக ஒரு கடிதம் எழுதினார். ஆனால் அனுப்பவில்லை. 'அனுப்பப்படவில்லை, கையெழுத்திடப்படவில்லை' என்று குறித்து வைத்துவிட்டார். இரவில் எழுதிய கடிதத்தைக் காலையில் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் பாதியை அடித்துவிடுவார்கள்.

மலபார் ஹில்லில் நடந்தது

இதே மும்பையில் நடந்த ஒரு சம்பவமும் இங்கே நினைவுக்கு உரியது. 1944 செப்டம்பரில் மகாத்மா காந்தி, மலபார் ஹில்லில் இருந்த ஜின்னாவின் வீட்டுக்குப் பல நாட்கள் நடையாய் நடந்து பேச்சுவார்த்தை நடத்தினார். நாட்டின் எதிர்காலம் பற்றிய பேச்சு அது. இருவர் கருத்தும் ஒத்துப்போகவில்லை. பேசியதை இருவரும் கடிதங்களாகவும் எழுதிப் பரிமாறிக் கொண்டார்கள். பேச்சு தோல்வியில்தான் முடிந்தது. ஆயினும் காந்தி தம் கடிதங்களில் ஜின்னாவை அவர் ஆதரவாளர்கள் வழங்கிய 'காயிதே ஆஜம்' என்ற பட்டத்தாலேயே விளித்தார். கருத்தை விட்டுக் கொடுக்காமலே மரியாதை காட்ட முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

காந்தி திங்கட்கிழமைதோறும் மௌனம் காத்தார். தேவையானதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். வாரத்தில் ஒருநாள் முழுக்க நம்மால் முடியாவிட்டாலும், கதவு சாத்தப்பட்ட பிறகு ஒரு பத்து நிமிடம் வாய் திறக்காமல் இருக்கலாம்.

பொறுமைக்கும் எல்லை உண்டு

பொறுமை என்றால் எதையும் சகித்துக் கொள்வது என்று பொருள் அல்ல. மிரட்டல், கைநீட்டல், பெண்களிடம் தகாத பேச்சு என்று வந்துவிட்டால் அங்கே சமாதானப் பேச்சுக்கு இடமில்லை. அவசரத்துக்கு 112-ஐ அழைக்கலாம்; காவல் நிலையத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். அதையும் கூச்சல் இல்லாமல், தேதியும் நேரமும் குறித்துச் செய்தால் புகாருக்கு வலு அதிகம்.

வாசலோடு நிற்கட்டும்

வீட்டுக்குள்ளும் ஒரு ஏற்பாடு தேவை. நாள் முழுவதும் அந்த ஈரத்தின் கீழே இருப்பவர் பெரும்பாலும் இல்லத்தரசிதான். கணவர் வந்ததும் அவர் அன்றைய குறையைச் சொல்கிறார், கணவர் கொதிக்கிறார், பிள்ளைகள் பயந்து போய்ப் பார்க்கிறார்கள். இதற்கென்று வாரத்தில் ஒருநாள், அரைமணி நேரம் ஒதுக்கிக் கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடிதக் கட்டை எடுத்து, அடுத்து என்ன செய்வது என்று இருவரும் பேசி முடிவு செய்யட்டும். மற்ற நாட்களில் சாப்பாட்டு நேரத்தில் மேல்வீட்டுக்காரர் பெயரே வேண்டாம்.

திருவள்ளுவர் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமும், வெகுளாமை என்று இன்னோர் அதிகாரமும் தனித்தனியாக வகுத்தார். பிறர் செய்யும் தீங்கைத் தாங்குவது ஒன்று. தம்முள் எழும் சினத்தை அடக்குவது வேறொன்று. முன்னதைவிடப் பின்னது கடினம் என்பதை ஒழுகும் கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் பொதுக்குழுவுக்குப் பிறகு, மழை விட்டதும், மேலே வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை காய்ந்துவிடும். வெள்ளை அடித்துவிடலாம். மேல்வீட்டுக்காரர் லிப்டில் பார்த்தும் பேசாமல் முகத்தைத் திருப்பிக் கொண்டு போகலாம். போகட்டும். இவர் ஒரு 'நமஸ்தே' சொல்லிவிட்டுத் தம் மாடியில் இறங்கிக் கொள்ளட்டும். அவர் சிரிக்க வேண்டும் என்று எந்த உபவிதியிலும் இல்லை. இவர் வீட்டில் எல்லாரும் இரவு நன்றாகத் தூங்குகிறார்களா என்பதுதான் கேள்வி.