சுவரின் மூலையில் ஒரு கையெழுத்து

சென்னை கண்ணகி நகரின் சுவரோவியங்களைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பியபோது, பழைய பேனர் ஆர்ட்டிஸ்ட் ஒருவரையும் அழைத்துக்கொண்டேன். எழுபதை நெருங்குகிற வயது. அண்ணா சாலையில் கட்-அவுட்டுகள் வானத்தை மறைத்து நின்ற காலத்தில், சாரத்தின் மேலேயே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டவர். குடியிருப்பின் பக்கச் சுவர் முழுக்க ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் அதை அண்ணாந்து பார்த்தேன். அவர் குனிந்து சுவரின் கீழ் மூலையைப் பார்த்தார்.

“என்னங்கய்யா தேடுறீங்க?”

“பேரு எங்க போட்டிருக்கான்னு பாக்குறேன் தம்பி. யாரு கைன்னு தெரியணும்ல.”

2020-ல் இங்கே வரையத் தொடங்கினார்கள். உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்கள் வந்து தூரிகை பிடித்தார்கள். இப்போது கேமராவோடு வருகிறவர்களுக்கு இது ஒரு திறந்தவெளிக் காட்சிக்கூடம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களின் ஊர் இது. வேலை கேட்டுப் போகும்போது முகவரி சொல்லத் தயங்கியவர்கள் இங்கே உண்டு. ஓவியங்கள் வந்த பிறகு அந்தத் தயக்கம் குறைந்திருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பெரியவரோடு ஒவ்வொரு சுவராக நின்று பார்த்த பிறகு, என் மனம் வேறொரு கேள்வியில் சிக்கிக்கொண்டது: இந்த அளவில் வரைந்து பழகிய பழைய கைகள் எங்கே போயின?

ராட்சத முகம் வரைவது என்ன வித்தை என்று அவரிடம் கேட்டேன். “பெருசா வரையறது சுலபம் தம்பி. கீழ நிக்கிறவன் கண்ணுக்கு அது முகமா தெரியணும், அதுதான் வேலை” என்றார். கீழிருந்து பார்க்கையில் நெற்றி சுருங்கிப்போகும். அதனால் அதைக் கொஞ்சம் தூக்கிப் போட வேண்டுமாம். கையகலப் போட்டோவில் பென்சிலால் கட்டம் போட்டு, பலகையில் சாக்பீஸ் தூள் தடவிய நூலை அடித்து அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போடுவார்கள். ஒரு கட்டத்தில் காது, இன்னொன்றில் பாதிக் கண். கொட்டகையில் துண்டு துண்டாக வரைந்து சாலையில் கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். முழு உருவத்தை வரைந்தவரே முதன்முதலாகப் பார்ப்பது அது நிமிர்ந்து நிற்கும்போதுதான்.

இன்றைய சுவரோவியர்கள் பலர் சுவர் முழுக்கக் கண்டபடி கிறுக்கி, அதைப் படம் பிடித்து, தங்கள் ஓவியத்தை செல்போனில் அதன்மேல் பொருத்திக்கொள்கிறார்கள். எந்தக் கிறுக்கலின் பக்கத்தில் மூக்கு வரும் என்று பார்த்துப் பார்த்து வரைகிறார்கள். இதை விளக்கியதும் பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, அதுவும் கட்டம்தானே!”

அந்தக் கட்டம்தான் என்னை உறுத்துகிறது. வித்தை ஒன்றுதான்; அதைக் கையில் வைத்திருந்தவர்களைத்தான் காணோம். 2000-களின் தொடக்கத்தில் அச்சிட்ட ப்ளெக்ஸ் பேனர் வந்தது. ஒரு வாரம் பிடித்த வேலை ஒரு மணி நேரத்தில் அச்சாகி வெளியே வந்தது. கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடின. 2009-10 வாக்கில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க அண்ணா சாலைச் சுவர்களில் கோயில்களும் சிற்பங்களும் கிராமத்துக் காட்சிகளும் வரையப்பட்டபோது, வேலையிழந்த பேனர் ஓவியர்களில் சிலருக்கு மறுபடி பிரஷ் கிடைத்தது. அதைக் கலை என்று அப்போது யாரும் கேமராவோடு சுற்றிப் பார்க்கவில்லை. டெல்லி லோதி காலனி, மும்பையில் 2017-ல் சாசூன் டாக் என்று சுவரும் கிடங்கும் காட்சிக்கூடங்களாக மாறி, நாடே பேசத் தொடங்கியபோது, இத்தனை பெரிய பரப்பில் வரையப் பழகியிருந்த நம் ஆட்களில் பலர் வண்டி நம்பர் பிளேட் எழுதவும் வீட்டுக்கு பெயின்ட் அடிக்கவும் போய்விட்டிருந்தார்கள்.

உழைத்த கை மறக்கப்படுவது, ஓர் இடத்தையே படைப்பாக்கும் இன்ஸ்டலேஷன் கலையிலும் நடக்கிறது. 2012 டிசம்பர் 12-ல் தொடங்கிய கொச்சி பியனாலே கலைவிழாவின் 2016-ம் ஆண்டுப் பதிப்பில், பழைய ஆஸ்பின்வால் கிடங்கு ஒன்றுக்குள் கடல்நீரை நிரப்பியிருந்தார்கள். செருப்பைக் கழற்றி, முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து எதிர்ச்சுவருக்குப் போக வேண்டும். கடலில் மூழ்கி இறந்த ஒரு சிரியச் சிறுவனுக்காக, சிலி நாட்டுக் கவிஞர் ஒருவர் செய்த படைப்பு. இந்தியாவில் வைக்கப்பட்ட இன்ஸ்டலேஷன்களில் இதற்கு இணையாகச் சொல்ல எனக்கு வேறொன்று இல்லை. கவிஞரின் பெயர் உலகத்துக்குத் தெரியும், தெரியத்தான் வேண்டும். அத்தனை தண்ணீரையும் ஒரு பழங்கட்டடத்துக்குள் தேக்கி நிறுத்திய வேலைக்காரர்களின் பெயர்களைக் கேட்டவர் எத்தனை பேர்?

பேனர் காலத்தில் இந்தக் குறை அவ்வளவாக இல்லை. எத்தனை பெரிய நட்சத்திரத்தின் படமானாலும் கீழ் மூலையில் ‘இன்னார் ஆர்ட்ஸ்’ என்று எழுதியிருக்கும். ஊரே அதைப் படிக்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வேலை வரும்.

திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்தோம். “இப்ப ஒரு சுவர் குடுத்தா ஏறுவீங்களா ஐயா?” என்றேன். வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “கால்தான் தம்பி பயப்படுது. கை இன்னும் பயப்படல. பக்கத்துல நிக்க ரெண்டு பசங்க இருந்தா போதும்.”

சுவரோவிய விழா நடத்துகிறவர்களிடம் கேட்பது இதுதான். அடுத்த ஊரில் சாரம் கட்டும்போது இரண்டு சுவர்களை இந்தப் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள். மேலே ஏறி வரைய இளம் ஓவியர்களைத் துணைக்கு அனுப்புங்கள்; நூல் அடிப்பதை அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். பெரியவர்களுக்கு நாள்கூலி தந்து அனுப்பிவிடாமல், ஓவியருக்கு உரிய சம்பளத்தைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் கீழ் மூலையில் அவர்கள் பெயரை எழுத ஒரு சாண் இடம் விடுங்கள்.