சமையற்கட்டில் மரமும் ஈரமும்

மரம் அறுபட்டுப் பலகையான பின்பும் நீரை உண்ணும் இயல்பை இழப்பதில்லை. காற்றில் ஈரம் மிகும்போது அதனை உட்கொண்டு பருக்கிறது. காற்று வறளும்போது வெளிவிட்டுச் சுருங்குகிறது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் இம்மாறுதல் நன்கு புலப்படும். மழைக்காலத்தில் மூட மறுக்கும் கதவு, பிப்ரவரி, மார்ச் வறட்சியில் தானாகவே சரியாகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். இவ்வூரின் மல்லேசுவரத்தில் 1938-இல் வன ஆராய்ச்சிக்கூடமாகத் தோன்றி, 1988-இல் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமாக மாறிய நிலையம் இத்தகைய மர இயல்புகளையே ஆராய்ந்து வருகிறது.

பிழைப்பின் பொருட்டு இங்கு வந்த நம்மில் பலர் வாடகை வீடுகளில் வாழ்கிறோம். கருங்கல் மேடை வாய்த்தவர்களுக்குக் கவலையில்லை. மேடை மரமாகவோ பிளைவுட்டாகவோ இருப்பின், வீட்டைக் காலி செய்யும் நாளில் ஊறிப்போன பலகைக்காக முன்பணத்தில் ஒரு பகுதியை இழக்க நேரும்.

கேடு எவ்வாறு விளைகிறது? ஒரு லிட்டர் நீர் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தை நிரப்பும். குக்கரும் கெட்டிலும் விடும் ஆவி மேலுள்ள அலமாரியின் அடிப்புறத்தில் குளிர்ந்து துளியாகிறது. கிரைண்டரின் அடியில் சிந்திய நீரோ கண்ணில் படாமல் தேங்குகிறது. பலகையின் முகத்தைவிட அதன் வெட்டுமுனை நீரை விரைந்து இழுக்கும்; மரம் உயிருடன் நின்றபோது நீர் ஏறிய நுண்குழாய்களின் வாய்கள் அங்கேதான் திறந்துள்ளன. மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்து நின்றால் பூஞ்சை பற்றும், பலகை உளுத்துப்போகும்.

பிளைவுட்டில் பசையே முக்கியம். எம்.ஆர். வகை ஈரக்காற்றை ஓரளவு தாங்கும். தேங்கிய நீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற பலகையின் பசை கொதிநீருக்கும் ஈடுகொடுக்கும். புதிதாக மேடை அமைப்போர் இம்முத்திரையைக் கேட்டு வாங்குதல் நலம்.

இருக்கின்ற மேடையைக் காக்கும் வழிகள் எளியவை. ஆவி விடும் கருவிகளை அலமாரியின் அடியிலிருந்து விலக்கிச் சன்னலருகே வைக்க வேண்டும். கிரைண்டரின் கீழ் விளிம்புள்ள எவர்சில்வர் தட்டை இட்டு, வேலை முடிந்ததும் தட்டைத் தூக்கி அடியையும் துடைக்க வேண்டும். பிளைவுட்டின் வெட்டுமுனைகளுக்கும், குழாய்த்தொட்டிக்காக அறுத்த விளிம்புக்கும் வார்னிஷ் பூச வேண்டும். பூச்சற்ற மரப்பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. அது காற்றுப் பட்டு இறுகிப் படலமாகும். தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் அவ்வாறு இறுகா; சிக்குப்பிடித்து நாறும். மேற்புறம் மட்டும் பூசினால் இருபுறமும் ஈரம் ஏறும் அளவு வேறுபட்டுப் பலகை வளையும். ஆதலால் அடிப்புறத்துக்கும் பூசுக.

எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் பிறக்கிறது. அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக்கூடும். அதனை வெளியில் விரித்து உலர்த்திய பின்னரே எறிய வேண்டும். பலகையைக் காக்கப் புகுந்து வீட்டுக்குத் தீங்கு தேடிக்கொள்ளலாகாது.