கரட்டுத் தடத்துக்கு எந்த மோட்டார் சைக்கிள்?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வருகிறது தண்டலம். இந்த வட்டாரத்தில் மோட்டார் வாகனத் தொழில் நன்கு வேரூன்றிவிட்டது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடல் 1990-ல் திறக்கப்பட்டது. ஒரகடத்தில் 2013-ல் ராயல் என்ஃபீல்டும், வல்லம் வடகாலில் 2015-ல் யமஹாவும் தொழிற்சாலைகளைத் தொடங்கின. அங்கிருந்து வெளிவருபவை நால்வீச்சு எஞ்சின் பொருத்திய வண்டிகள். ஆனால் பாறையும் சரளையும் வேர்களும் நிறைந்த மலைத்தடங்களில் போட்டியிடும் வீரர்களில் பலர் இன்றும் இருவீச்சு வண்டியையே நாடுகின்றனர். காரணம் என்ன? அத்தகைய வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்? பள்ளியில் படிக்கும் இயற்பியலே இதற்கு விடை சொல்லும்.

புது வண்டியைப் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். கரட்டுத் தடத்தில் அந்தக் கேள்விக்கு எவ்வளவு மதிப்பு உண்டென்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

நூறு கிலோகிராம் எடையுள்ள வண்டி. ஓட்டுபவர் 65 கிலோகிராம். சரிவு 20 பாகை. மொத்தப் பொருண்மை 165 கிலோகிராம். புவியீர்ப்பு விசை ஏறத்தாழ 1,617 நியூட்டன். இதில் சரிவை ஒட்டிக் கீழே இழுக்கும் பங்கு 553 நியூட்டன். சரளையின் உராய்வுக் குணகம் 0.4 என்று கொள்வோம். முழு எடையும் பின்சக்கரத்தின் மேல் விழுந்தாலும் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு 608 நியூட்டன்தான். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 7 கிலோமீட்டரில் ஏறினால், தரையில் செலுத்தக்கூடிய திறன் 608 × 2 = 1,216 வாட். இது இரண்டு குதிரைத்திறன்கூட இல்லை! அதற்கு மேல் எஞ்சின் கொடுப்பதெல்லாம் சக்கரத்தை வீணாகச் சுழற்றிக் கல்லை வாரி இறைக்கவே பயன்படும்.

இனி 196 கிலோகிராம் எடையும் 40 குதிரைத்திறனும் உள்ள ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வண்டியை எடுத்துக்கொள்வோம். இதே கணக்கைச் செய்தால் கீழே இழுக்கும் விசை 875 நியூட்டன். பிடிப்பு 961 நியூட்டன். இரண்டு வண்டிகளிலும் பிடிப்புக்கும் இழுப்புக்கும் உள்ள விகிதம் ஒன்றே. பொருண்மை இருபுறமும் அடிபட்டுப் போகிறது. ஆகவே உராய்வைப் பொறுத்தவரை கனமான வண்டியும் அதே சரிவில் ஏறும்.

அப்படியானால் எடையால் நட்டமில்லையா? உண்டு. வண்டி சாயும்போது தாங்குவது யார்? பாறை இடுக்கில் சிக்கினால் தூக்கித் திருப்புவது யார்? ஓட்டுபவரின் தோளும் காலும்தான். மொத்த எடை இருமடங்கானால் பிடிப்பும் இருமடங்காகும். மனிதனின் தசை வலிமை ஆகாது. கரட்டுத் தடத்தில் எடைதான் முதல் கேள்வி என்பது இதனாலேயே.

எடையைக் குறைப்பதில் இருவீச்சு எஞ்சின் கெட்டிக்காரன். நால்வீச்சு எஞ்சினில் வணரித்தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை எரிதல் நிகழும். இருவீச்சில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை. வால்வுகளும் அவற்றை இயக்கும் நெம்புருள் தண்டும் இதற்குத் தேவையில்லை; சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. 1985-ல் இந்தியாவில் வெளிவந்த இரு வண்டிகளை ஒப்பிடுங்கள். இருவீச்சு யமஹா ஆர்.எக்ஸ். 100-ன் 98 கன செ.மீ. எஞ்சின் 11 குதிரைத்திறன் தந்தது. ஏறத்தாழ அதே கொள்ளளவுள்ள நால்வீச்சு ஹீரோ ஹோண்டா சி.டி. 100 தந்தது சுமார் 7 தான்.

ஆனால் எந்த இருவீச்சு வண்டியும் மலைத்தடத்துக்கு ஏற்றதாகிவிடாது. ஆர்.எக்ஸ். 100 தன் முழுத்திறனைக் காட்டியது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். தடத்தில் ஊர்ந்து செல்லும்போது எஞ்சின் மெதுவாகவே சுற்றும். சுழலும் பொருளின் ஆற்றல் சுழற்சி வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகும். கல்படி குறுக்கிட்டால் எஞ்சின் நின்றுவிடும். எனவே குறைந்த சுற்றிலேயே நல்ல முறுக்குவிசை தரும் எஞ்சினும், சற்றுக் கனமான சமனுருளும், தாழ்ந்த முதல் கியரும் வேண்டும். திடலில் பறக்கும் மோட்டோகிராஸ் வண்டிக்கும் தடத்தில் ஏறும் எண்டியூரோ வண்டிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

இருவீச்சின் குறைகளையும் அறிய வேண்டும். உள்வழியும் வெளிவழியும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே தப்பிவிடுகிறது. உயவுக்காகச் சேர்க்கும் எண்ணெயும் எரிந்து புகையாகிறது. ஐம்பதுக்கு ஒன்று என்ற கலவையில் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய்! நீண்ட இறக்கத்தில் எஞ்சின் தரும் தடையும் குறைவு. பிரேக்கையே அதிகம் நம்ப வேண்டும். 2017-ல் ஆஸ்திரியாவின் கே.டி.எம். நிறுவனம் தன் எண்டியூரோ வண்டிகளில் காற்று செல்லும் உள்வழியில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறையைக் கொண்டுவந்தது. காற்று மெலிந்த உயரமான மலைகளிலும் கலவை தானே சரியாகும், வீணாவதும் குறையும். எனினும் குறை முற்றிலும் நீங்கவில்லை.

இந்தப் புகைதான் நம் சாலைகளிலிருந்து இருவீச்சு வண்டியை விரட்டியது. 1991-ல் தொடங்கிய புகைக் கட்டுப்பாட்டு அளவுகள் 1996-லும் 2000-லும் இறுகின. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-ல் நின்றது. போட்டிக்கென்று மட்டும் விற்கப்படும் வண்டிகளைப் பதிவு செய்ய இயலாது. பொதுச்சாலையில் ஓட்டுவது குற்றம். காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவதும் அப்படியே.

ஆகவே தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எரிபொருளுடன் எடை எவ்வளவு? உயர்ந்த முறுக்குவிசை எத்தனை சுற்றில் கிடைக்கிறது? இருக்கையில் அமர்ந்தால் கால் தரையை எட்டுமா? எங்கே ஓட்டப் போகிறோம்? கடைசிக் கேள்விக்கு "சாலையிலும்தான்" என்பது விடையானால், எடை குறைந்த நால்வீச்சு வண்டியே சரி. மூடிய திடலிலும் உரிய அனுமதி பெற்ற தடத்திலும் மட்டும் என்றால் இருவீச்சை நாடலாம்.

கியர் வண்டி ஓட்டும் உரிமம் பெற உங்களுக்குப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். அதுவரை நேரம் இருக்கிறது. வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு வண்டியின் கையேட்டைக் கேட்டு வாங்கி, மேலே செய்த கணக்கை அதன் எடையைக் கொண்டு செய்து பாருங்கள். சரிவை 20-லிருந்து 22 பாகையாக உயர்த்துங்கள். எந்த வண்டியானாலும் சக்கரம் சறுக்கத் தொடங்குவதைக் காண்பீர்கள்!