விரலுக்குள் தசை இல்லை!

மாணவர்களே, வலது கையை இறுக மூடி, முழங்கைக்குச் சற்றுக் கீழே இடது கையால் தொட்டுப் பாருங்கள். புடைக்கிறதா? விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் அங்கேதான் உள்ளன. அவற்றின் இழுவிசையை விரலுக்குக் கொண்டுசெல்பவை தசைநாண்கள்.

தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் உங்கள் அப்பா, பல ஆண்டுகளாக உடற்பயிற்சியே செய்யாதவர், பெட்டாலிங் ஜெயா ஒன் உத்தாமா பேரங்காடியின் 'கேம்ப்5' உள்ளரங்கில் சுவர் ஏற ஆசைப்படுகிறாரா? தாராளமாக ஏறட்டும். கை தவறினால் கயிறு தாங்கிக்கொள்ளும். சில வாரங்களில் பலம் வந்துவிட்டதென்று சிறு பிடிகளில் தொங்கப் பார்ப்பார். அப்போதுதான் தடுக்க வேண்டும். இரத்த ஓட்டம் மிகுந்த தசை விரைவில் வலுப்பெறும். இரத்த ஓட்டம் குறைந்த தசைநாணுக்கோ மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பெரிய பிடிகள், இடையிடையே ஓய்வு நாள்கள். கையால் இழுக்காமல் காலால் உந்தட்டும். பத்துமலையின் 272 படிகளை ஏறிய தொடைகள்தானே!