கூரையில் இறங்கும் றஹ்மத்

முசலிப் பிரதேசத்து ஊர்ப்பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குப் பொருள் சொல்வதுண்டு. வேப்பங்குளம், பொற்கேணி, அகத்திமுறிப்பு. குளம், கேணி, முறிப்பு எல்லாமே தண்ணீரோடு தொடர்புடைய சொற்கள். பெயரில் இவ்வளவு தண்ணீர் வைத்திருக்கும் மண்ணில், குடிக்கத் தண்ணீர் தேடி பவுசரின் ஹோன் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம் என்பதுதான் எங்கள் கதை.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது நான் சிறுவன். புத்தளத்தில் வளர்ந்து, யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்து, வாப்பாவின் காணியில் வீடு கட்டினேன். மின்கம்பியும் குழாய்நீரும் வந்து சேராத ஓரக் காணி. கிணறு வெட்டினோம். தண்ணீர் வந்தது, ஆனால் உப்பு. தேநீர் கறுத்தது, சவர்க்காரம் நுரைக்க மறுத்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்த உம்மா கேட்டார்:

"வாய்க்கு வைக்கேலாத தண்ணியக் குடிக்கவா மகன் புத்தளத்தால திரும்பி வந்த?"

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் மழைநீர்ச் சேகரிப்பைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் பட்டதையும் எழுதுகிறேன். இன்னும் இரண்டு ஊரில் இரண்டு வீடு வைத்துக்கொண்டு, முழுதாகத் திரும்பத் தயங்கும் குடும்பங்களுக்கு இது உதவலாம்.

முதலில் கணக்கு. ஒரு சதுரமீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் கூரை 50 சதுரமீற்றர். சரிவை அளக்கக் கூடாது; கூரை நிலத்தில் மூடும் பரப்பைத்தான் அளக்க வேண்டும். மன்னார்ப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீற்றர் மழை. சிதறுவது, ஆவியாவது, வழிவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 40,000 லீற்றர் கிடைக்கும்.

பிறகு ஏன் தட்டுப்பாடு? அந்த மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் கொஞ்சம் பெய்யும். மே முதல் செப்டெம்பர் வரை வானம் வெண்கலம். ஆகவே இங்கே கேள்வி எவ்வளவு பெய்கிறது என்பதல்ல, பெய்யாத ஐந்து மாதத்துக்கு எவ்வளவைப் பிடித்து வைக்கிறோம் என்பதே. வீட்டில் ஐந்து பேர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லீற்றர் என்றால் நாளைக்கு 25. 150 நாளைக்கு 3750. விருந்தாளிகளையும் சேர்த்து 5000 லீற்றர்த் தாங்கி போதும். குளிக்க, துவைக்கக் கிணறு இருக்கிறது.

இந்த அளவு புதிதல்ல. 1990களின் நடுப்பகுதியில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் வீட்டு மழைநீர்த் தாங்கிகள் பரவலாகக் கட்டப்பட்டபோதே 5000 லீற்றர்தான் வழக்கமான அளவு. 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கையும் வந்தது.

கம்பிச் சட்டத்தில் கோழிவலை சுற்றி, சீமெந்துச் சாந்து பூசிக் கட்டும் தாங்கியைத் தெரிவு செய்தேன். குறுக்களவு இரண்டு மீற்றர், உயரம் ஒன்றரை மீற்றர். மின்சாரம் இல்லாததால் மோட்டரும் இல்லை. எனவே தாங்கியின் வாய் கூரைப் பீலிக்குக் கீழும், அதன் பைப் வாளிக்கு மேலும் இருக்க வேண்டும். அதற்காக ஒன்றரை அடி உயர மேடை போட்டோம். பூசி முடித்த பிறகு ஈரச் சாக்குப் போட்டு இரண்டு கிழமை நனைத்தோம். அவசரப்பட்டு அதைக் காயவிட்டால் வெடிக்கும்.

அவசரத்தை நான் வேறோர் இடத்தில் காட்டினேன். பருவமழை தொடங்கிய முதல் நாளே பீலியைத் தாங்கிக்குள் திருப்பிவிட்டேன். ஐந்து மாதத் தூசி, வேப்பஞ்சருகு, காக்கை எச்சம் எல்லாம் உள்ளே போயின. தாங்கி நிறைந்தது என்று ஷுக்ர் செய்தோம். சில வாரங்களில் தண்ணீர் நாறியது.

பள்ளியில் கேட்டபோது மௌலவி சொன்னது சரியானதே: ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்து, அதாவது ஏறத்தாழ 200 லீற்றர், அளவை எட்டிய தண்ணீர், நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை நஜீஸ் ஆகாது. ஆனால் எங்கள் தண்ணீரில் வாடை மாறிவிட்டது. மாறாவிட்டாலும், உம்மா கேட்டது இன்னொரு மஸ்அலா:

"வுழூவுக்குக் கூடும் என்டா வகுத்துக்கும் கூடுமா?"

கூடாது. கண்ணுக்குத் தெரியாத கிருமி நிறத்தையும் வாடையையும் மாற்றாது. சுத்தம் பற்றிய சட்டமும் சுகாதாரமும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தாங்கியைத் திறந்துவிட்டுக் கழுவினேன். அதற்குள் மழை போய்விட்டது. அந்த ஆண்டு முழுக்கப் பவுசர்தான்.

மறு ஆண்டு செய்த திருத்தங்கள் இவை. கூரைக்கு மேல் நீண்ட வேப்பங்கிளைகளை வெட்டினேன். பீலிக்கு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு கொடுத்தேன். கூரையின் இரு பக்கமும் ஒன்றரை மீற்றர் நீளமான நாலங்குலக் குழாயொன்றைச் செங்குத்தாக இணைத்து, அடியை மூடினேன். ஒவ்வொரு குழாயும் சுமார் 12 லீற்றர் கொள்ளும். மழையின் முதல் அழுக்குத் தண்ணீர் இதில் நிறைந்த பிறகே மிச்சம் தாங்கிக்குப் போகும். அடிமூடியில் ஒரு சிறு துளை இருந்தால் அது தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகும். நீண்ட வரட்சிக்குப் பிந்திய முதல் மழையை மட்டும் முழுவதும் வெளியே விட்டுவிடுவோம்.

தாங்கியின் வாய்க்கும் வழிவு குழாய்க்கும் நுண்வலை கட்டாயம். டெங்கு நுளம்பு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். ஆகவே மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பைப்பை அடியிலிருந்து நாலு விரல் உயர்த்தி வைத்தால் மண்டி கலக்காது. புதுத் தாங்கியின் முதல் தண்ணீரில் சீமெந்துச் சுவை இருக்கும். அதைத் தோட்டத்துக்கு விடலாம். குடிக்கும் தண்ணீரை எப்போதும் நன்றாகக் கொதிக்க வைக்கிறோம். விறகு நனைந்த நாட்களில், தெளிந்த தண்ணீரை நிறமற்ற பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி ஆறு மணித்தியாலம் முழு வெயிலில் வைத்தாலும் கிருமி சாகும். முகில் மூடிய நாளில் இது போதாது.

கடைசி வேலை சிக்கனம். கோடுபோட்ட கம்பொன்று தாங்கிக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் என் மகள் அளந்து எழுதுகிறாள். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில், அதாவது ஒரு லீற்றருக்கும் குறைவான தண்ணீரில், வுழூச் செய்தார்கள் என்று ஹதீஸ் பாடத்தில் சொல்வோம். பைப்பைத் திறந்தால் தண்ணீர் வரும் ஊரில் அது வெறும் பாடம். கம்பில் கோடு இறங்குவதைப் பார்க்கும் வீட்டில் அதன் பொருள் வேறு.

கஃபாவின் கூரையிலும் மழைநீர் இறங்க ஒரு பீலி இருக்கிறது. 'மீஸாபுர் றஹ்மா' என்பது அதன் பெயர். அருளின் பீலி. எங்கள் தகரப் பீலிக்கு அப்படியொரு பெயரில்லை. ஆனால் சென்ற செப்டெம்பர் முடிவில் கம்பை இறக்கிப் பார்த்தபோது தாங்கியில் இன்னும் ஒரு முழம் தண்ணீர் நின்றது. உம்மாவிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. புத்தளத்தில் சாச்சியின் வீட்டில் விட்டு வைத்திருந்த தன் பெட்டியை எடுத்துவரச் சொன்னார்.